கூண்டில் ஏறிய குரல்: தமிழ்த் திரையின் நீதிமன்றக் கதைகள்

தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கிய நாள் முதல் அதன் சுவைகள் பலமுறை மாறியிருக்கின்றன. புராணக் கதைகள் ஓய்ந்தன, அரசகுமாரர்களின் வாட்போர்கள் மறைந்தன, பாடல்களின் எண்ணிக்கைகூடக் குறைந்தது. இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் பிடி தளராமல் நிற்கும் சிலவற்றுள் நீதிமன்றக் காட்சியும் ஒன்று. ஒரு கூடத்துக்குள் சிலர் நின்றும் அமர்ந்தும் பேசிக்கொண்டிருப்பதைத் தவிர அதில் கண்ணைப் பறிக்கும் எதுவும் இல்லை. ஆயினும் 1952ஆம் ஆண்டில் திரையரங்கில் ‘பராசக்தி’யைக் கண்ட தலைமுறையும், 2021ஆம் ஆண்டில் ‘ஜெய் பீம்’ படத்தை வீட்டுத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கண்ட தலைமுறையும் அக்காட்சிகளின்போது ஒரே வகையில்தான் மூச்சடக்கி அமர்ந்திருந்தன.

இந்த ஈர்ப்பு முதல் பார்வையில் முரணாகத் தோன்றக்கூடியது. சென்னையின் தென்புறத்தில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் அமைந்துள்ள படப்பையை எடுத்துக்கொண்டால், ஒரகடம் தொழிற்பேட்டை வளர்ந்து, விளைநிலங்கள் மனைகளாகத் தொடங்கிய பிறகு, பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று ஆகிய சொற்கள் புழங்காத வீடு அங்கே அரிது. நிலத்தகராறு வந்தால்கூட, கோர்ட்டு, கேஸு என்று யார் அலைவது என அஞ்சி, பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துக்கொள்ள விரும்புவதே பொதுவான மனப்போக்கு. வாழ்க்கையில் நீதிமன்றப் படி ஏறத் தயங்கும் அதே மக்கள், தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ திரையரங்கில் அமர்ந்து, கற்பனை வழக்கு ஒன்றை இரண்டரை மணி நேரம் இமை கொட்டாமல் கேட்பதற்கு வலுவான காரணம் ஒன்று இருந்தாக வேண்டும்.

தீர்ப்பு என்ன ஆகும் என்ற ஆவல் அக்காரணத்தின் ஒரு பகுதிதான்; நல்லவர் வெல்வார் என்பது பெரும்பாலான படங்களில் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஊர்க்கூட்டத்திலும் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் எளியவரின் பேச்சு பாதியிலேயே அறுக்கப்படுகிறது. நீதிமன்றத்திலோ, எளியவர் பேசி முடிக்கும்வரை வலியவர் கேட்டாக வேண்டும், கேட்ட கேள்விக்கு வலியவரும் பதில் சொல்லியாக வேண்டும் என்று நடைமுறை விதியே கட்டளையிடுகிறது. தான் சொல்வது முழுமையாகக் கேட்கப்பட வேண்டும் என்ற மனித ஏக்கத்துக்கு உருவம் கொடுப்பதே நீதிமன்றப் படத்தின் உண்மையான கவர்ச்சி. தமிழ்த் திரையின் முக்கியமான நீதிமன்றக் கதைகளை வரிசையாக நோக்கினால் இது தெளிவாகும்.

மதுரை அவை முதல் ஜார்ஜ் டவுன் வரை

தமிழரின் நினைவில் ஆழப் பதிந்த நீதிமன்றக் காட்சி, திரைப்படத்துக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி பாண்டிய மன்னனின் அவையில் நின்று வழக்குரைக்கிறாள். பொற்கொல்லனின் சொல்லை நம்பி, கோவலனிடம் எதுவும் விசாரிக்காமல் தண்டனை வழங்கப்பட்டது என்பதுதான் அக்கதையின் மையக் குற்றம். அதாவது, கேள்வி இல்லாமலேயே தீர்ப்பு வந்துவிட்டது. முடிந்துபோன தீர்ப்பை விசாரணைக்குத் திருப்பி அழைக்கும் கண்ணகி, வாதத்தோடு நிற்காமல் சான்றுப் பொருளையும் முன்வைக்கிறாள்: அரசியின் சிலம்பில் இருப்பவை முத்துகள், தன் சிலம்பில் இருப்பவை மாணிக்கங்கள் என்பதைச் சிலம்பை உடைத்து மெய்ப்பிக்கிறாள். குற்றச்சாட்டு, மறுப்பு, சான்று, தீர்ப்பு என்ற நான்கு படிகளும் ஒழுங்காக அமைந்த இக்காட்சியை, 1964இல் வெளிவந்த ‘பூம்புகார்’ படத்தில் சி. ஆர். விஜயகுமாரி நடிப்பிலும் மு. கருணாநிதியின் வசனத்திலும் திரையரங்குகள் மீண்டும் கேட்டன.

நவீன நீதிமன்றம் தமிழ்நாட்டு மக்களின் அன்றாடப் பேச்சுக்குள் பெரிய அளவில் நுழைந்ததற்குத் திரையுலகமே ஒரு காரணமாக அமைந்தது. பிரபலங்களின் அந்தரங்கங்களை எழுதிவந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் அக்காலத்தின் உச்ச நட்சத்திரமான எம். கே. தியாகராஜ பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், அதே ஜார்ஜ் டவுன் பகுதியிலுள்ள உயர் நீதிமன்றத்தில் அதன் நாயகர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். ஜூரிகளின், அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, குற்றம் உண்டா இல்லையா என்று முடிவு சொல்லும் குழுவினரின், முன்னிலையில் நடந்த அவ்விசாரணையில் இருவருக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. அன்றைய மேல்முறையீட்டு உச்ச அமைப்பாக லண்டனில் இயங்கிய பிரிவி கவுன்சில் வழக்கை மீண்டும் விசாரிக்கப் பணித்ததைத் தொடர்ந்து, 1947இல் இருவரும் விடுதலையாயினர். சாட்சிகளின் சொற்களை ஒரு தொடர்கதையைப் போலப் பின்தொடரும் பழக்கம் தமிழ் வாசகரிடையே வேரூன்றியதில் இவ்வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

சொற்பொழிவு மேடையான நீதிமன்றம்

கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய ‘பராசக்தி’ வெளியானபோது இந்த வழக்கின் நினைவு மங்கியிருக்கவில்லை. கணவனை இழந்து, வறுமையால் தன் குழந்தையை ஆற்றில் எறிந்ததாகக் குற்றம் சாட்டப்படும் கல்யாணியும், பூசாரியைத் தாக்கியதாகக் கொண்டுவரப்படும் அவள் அண்ணன் குணசேகரனும் ஒரே நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். நீதிபதியின் இருக்கையில் இருப்பவரோ, உறவு அறியாமல் பிரிந்துபோன அவர்களுடைய மூத்த அண்ணன் சந்திரசேகரன். சட்டத்தின் அளவுகோலால் பார்த்தால் அது முறையான விசாரணை ஆகாது. சாட்சி விசாரணையும் குறுக்கு விசாரணையும் அங்கே ஏறத்தாழ இல்லை. சிவாஜி கணேசனின் குரலில் ஒலித்த கருணாநிதியின் வசனம், தனிமனிதனின் குற்றத்தைச் சமூகத்தின் குற்றமாகத் திருப்பி, விசாரிக்கப்பட வேண்டியவர்கள் கூண்டுக்கு வெளியே இருக்கிறார்கள் என்று வாதிட்டது. நாடக மேடையின் மரபும் அரசியல் பொதுக்கூட்டத்தின் மரபும் இணைந்த அக்காட்சியில், நீதிமன்றம் ஒரு சொற்பொழிவு மேடை. ஆனால், இடைமறிக்கப்படாமல் பேசி முடிக்கும் உரிமையுள்ள மேடை. நடிக்க விரும்பிய இளைஞர்கள் அந்த உரையைத் தலைமுறைகளாக மனப்பாடம் செய்ததன் பின்னணியில் மொழியழகோடு இந்த உரிமையின் சுவையும் இருந்தது.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, வியட்நாம் வீடு சுந்தரம் எழுதி இயக்கிய ‘கௌரவம்’ (1973) வேறொரு கேள்வியை எழுப்பியது. நீதிபதிப் பதவி மறுக்கப்பட்ட சினத்தில், தன் திறமையை நிலைநாட்டுவதற்காகவே குற்றவாளி ஒருவரைக் காப்பாற்றும் பாரிஸ்டர் ரஜினிகாந்தும், அவருக்கு எதிராக வாதிட நேரும் அவருடைய வளர்ப்பு மகன் கண்ணனும் ஆகிய இரு வேடங்களிலும் சிவாஜியே நடித்தார். குற்றவியல் வழக்கில் குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பையே சாரும். நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்கும். நிரபராதி தண்டிக்கப்படாமல் இருப்பதற்காக ஏற்பட்ட இந்த விதியை, திறமையான வழக்கறிஞர் குற்றவாளிக்கும் கேடயமாக மாற்ற முடியும் என்ற உண்மையைப் பொதுமக்களுக்கு உணர்த்தியதில்தான் ‘கௌரவம்’ படத்தின் ஆற்றல் இருந்தது.

கேட்டே ரசித்த படம்

நீதிமன்றப் படத்தின் உயிர் கேட்பதில் இருக்கிறது என்பதற்குத் தமிழ்நாடு கண்ட மிகச் சிறந்த சான்று, கே. விஜயன் இயக்கி 1984இல் வெளிவந்த ‘விதி’. தெலுங்கில் 1981இல் வந்த ‘நியாயம் காவாலி’ படத்தின் மறு ஆக்கமான இதில், காதலன் கைவிட்ட நிலையில் கருவுற்றிருக்கும் இளம்பெண், தன் குழந்தைக்குத் தந்தை யார் என்பதை நிலைநாட்ட வழக்குத் தொடுக்கிறாள். பூர்ணிமாவும் மோகனும் அந்த இணையராக நடிக்க, இளைஞனுக்காக வாதாடும் அவன் தந்தையாக ஜெய்சங்கரும், பெண்ணுக்காக வாதாடும் வழக்கறிஞராக சுஜாதாவும் எதிரெதிரே நின்றனர். ஆரூர்தாஸின் வசனம் நிறைந்த ஒலிநாடா தமிழகமெங்கும் விற்று, தேநீர்க் கடைகளிலும் விசேஷ வீடுகளின் ஒலிபெருக்கிகளிலும் ஒலித்தது. படம் இல்லாமல், முகம் இல்லாமல், வாதத்தையும் பதிலையும் மட்டும் மக்கள் மீண்டும் மீண்டும் கேட்டு மகிழ்ந்தார்கள் என்பது, இவ்வகைக் கதை கண்ணைவிடக் காதையே முதன்மையாகச் சார்ந்தது என்பதைக் காட்டுகிறது.

அந்தக் கதை அக்காலத்துக்கே உரியது என்பதும் கவனிக்கத்தக்கது. மரபணுவைக் கொண்டு ஒருவரை அடையாளம் காணும் முறை இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டதே 1984இல்தான். அதுவரை இரத்தப் பிரிவுச் சோதனையால், இவர் தந்தையாக இருக்க முடியாது என்று சில வேளைகளில் சொல்ல முடிந்ததே தவிர, இவரே தந்தை என்று உறுதிசெய்ய முடியவில்லை. இன்று ஆய்வக அறிக்கை ஒன்றில் முடிந்துவிடக்கூடிய வழக்கு, அன்று முழுக்க முழுக்க ஒரு பெண்ணின் சொல்லை நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது; படத்தின் பதற்றம் அனைத்தும் அங்கிருந்தே பிறந்தது.

பிடித்து வைக்கும் பொறியமைப்பு

இக்கதைகள் பார்வையாளரைக் கட்டிப்போடும் முறை, சட்டத்தின் நடைமுறையிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு சாட்சியை அழைத்த தரப்பு முதலில் கேள்வி கேட்பது முதல் விசாரணை; எதிர்த்தரப்பு அதே சாட்சியின் சொல்லைச் சோதிப்பது குறுக்கு விசாரணை; குறுக்கு விசாரணையில் எழுந்த குழப்பத்தைத் தெளிவாக்க முதல் தரப்பு மீண்டும் கேட்பது மறு விசாரணை. விடையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் தூண்டு வினாவை முதல் விசாரணையில் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம். குறுக்கு விசாரணையில் அதற்குத் தடை இல்லை. நிறுவப்பட்டதுபோல் தோன்றும் ஓர் உண்மை, அடுத்த அரை மணி நேரத்தில் ஒவ்வொரு செங்கல்லாகப் பெயர்க்கப்படுவதும், பெயர்ந்ததில் எது மிஞ்சும் என்று காத்திருப்பதும் எழுத்தாளர் தனியே திருப்பங்களைப் புனையத் தேவையில்லாத ஒரு நாடக அமைப்பைத் தந்துவிடுகின்றன. சாட்சி தன் தரப்பைக் கைவிட்டு மாறிப் பேசும்போது, பிறழ் சாட்சி என்று அறிவித்து, அழைத்த தரப்பே அவரைக் குறுக்கு விசாரணை செய்யச் சட்டம் இடமளிப்பதால், துரோகத்துக்கும்கூட அங்கே ஒரு முறையான இடம் உண்டு.

பார்வையாளருக்கு ஒதுக்கப்படும் இருக்கை இன்னொரு காரணம். அமெரிக்கப் படமான ‘12 ஆங்ரி மென்’ (1957), ஜூரிகள் பன்னிருவரை ஓர் அறையில் அடைத்து, அவர்களுடைய ஐயங்களையே கதையாக்கியது. பாசு சாட்டர்ஜி 1986இல் அதை ‘ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா’ என்று இந்தியில் எடுத்தபோது, இந்தியாவில் ஜூரி முறையே இல்லாமல் போயிருந்தது. கடற்படை அதிகாரி நானாவதி மீது 1959இல் பம்பாயில் நடந்த கொலை வழக்கில், ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்று கூறியதை ஏற்காமல் உயர் நீதிமன்றம் தண்டித்தது. அதன் பின் அம்முறை தேய்ந்து, 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லாமல் போனது. ஆகவே இந்திய நீதிமன்றப் படத்தில் ஜூரிகளின் காலி இருக்கையில் பார்வையாளரே அமர்கிறார்; வாதங்களைக் கேட்கிறார், நீதிபதிக்கு முன்பே தீர்ப்பெழுதுகிறார், பிறகு தன் தீர்ப்பும் திரையின் தீர்ப்பும் ஒத்துப்போகின்றனவா என்று காத்திருக்கிறார். ‘பிங்க்’ என்ற இந்திப் படத்தைத் தழுவி எச். வினோத் இயக்கிய ‘நேர்கொண்ட பார்வை’ (2019), ஒரு பெண்ணின் மறுப்பு மறுப்பாகவே மதிக்கப்பட வேண்டும் என்ற கருத்தை அறிவுரையாகக் கூறாமல் குறுக்கு விசாரணையின் வழியாக நிறுவியதால்தான், அக்கருத்தை முன்பு ஏற்காதவர்களையும் அது யோசிக்க வைத்தது.

‘ஜெய் பீம்’: காணாமல் போனவருக்கான வழக்கு

இம்மரபின் மிக முதிர்ந்த வடிவம், த. செ. ஞானவேல் இயக்கி 2021 நவம்பர் 2 அன்று இணையத் தளத்தில் நேரடியாக வெளியான ‘ஜெய் பீம்’. கடலூர் மாவட்டம் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு 1993இல் காவல்துறையின் பிடியில் உயிரிழந்த உண்மை நிகழ்வையும், அவருடைய மனைவிக்காக வாதாடிய வழக்கறிஞர் கே. சந்துருவின் சட்டப் போராட்டத்தையும் அப்படம் அடிப்படையாகக் கொண்டது. சந்துரு பின்னர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகி 2013இல் ஓய்வு பெற்றார். உண்மை நிகழ்வின் குடும்பம் குறவர் சமூகத்தைச் சேர்ந்தது. படம் அதை இருளர் குடும்பமாக மாற்றிக்கொண்டது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் உழைக்கும் இருளர் குடியிருப்புகள் பல இருப்பதால், படப்பை வட்டாரத்தாருக்கு அத்திரைக்கதை தொலைதூரத்துக் கதையாக இருந்திருக்காது.

கதையின் அச்சாக அமைவது ஆட்கொணர்வு மனு. சட்டத்துக்குப் புறம்பாக ஒருவர் அடைத்து வைக்கப்பட்டிருந்தால், அவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்துமாறு, அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்திடமும், 32ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்திடமும் யாரும் வேண்டலாம். திருட்டுப் பழி சுமத்தப்பட்ட ராஜாக்கண்ணுவும் உடன் பிடிபட்ட இருவரும் காவலிலிருந்து தப்பிவிட்டார்கள் என்று காவலர்கள் சொல்ல, ராஜாக்கண்ணுவின் கர்ப்பிணி மனைவி செங்கேணி அதை ஏற்க மறுத்து மனுச் செய்கிறாள். இத்தகைய மனுக்கள் பொதுவாகப் பிரமாணப் பத்திரங்களை, அதாவது உறுதிமொழியுடன் எழுதித் தரும் வாக்குமூலங்களை, வைத்தே முடிவாகிவிடும்; சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது வழக்கமன்று. நெருக்கடி நிலையின்போது கேரளத்தில் காவலில் மறைந்துபோன பொறியியல் மாணவர் ராஜனுக்காக, அவருடைய தந்தை ஈச்சர வாரியர் 1977இல் தொடுத்த வழக்கை முன்னுதாரணமாகக் காட்டி, படத்தின் வழக்கறிஞர் காவலர்களைக் கூண்டில் ஏற்ற அனுமதி பெறுகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் அது ஒரு நடைமுறை நுணுக்கம். ஆனால், கேள்வி கேட்டே பழகியவர்கள் முதன்முறையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களாக மாறும் அந்த நொடியிலிருந்துதான் படம் பார்வையாளரை இறுகப் பற்றுகிறது.

காவல் அதிகாரியிடம் ஒருவர் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சான்றாக நிறுவ முடியாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே விதித்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தைப் பிடித்துள்ள புதிய சாட்சியச் சட்டமும் அவ்விதியைத் தொடர்கிறது. விதி இவ்வாறு இருந்தும் அடித்து ஒப்புக்கொள்ள வைக்கும் வழக்கம் ஏன் ஒழியவில்லை என்ற கேள்வியை ‘ஜெய் பீம்’ படத்துக்கு முன்பே வெற்றிமாறனின் ‘விசாரணை’ எழுப்பியிருந்தது. மு. சந்திரகுமார் தன் சொந்த அனுபவத்தை எழுதிய ‘லாக்கப்’ என்ற நூலை அடியொற்றிய அப்படம் காவல் நிலையத்தின் சுவர்களுக்குள் நடப்பதைக் காட்டியது. ‘ஜெய் பீம்’ அதே சுவர்களுக்குள் நடந்ததைப் பொது மன்றத்தில் உரக்கச் சொல்ல வைத்தது.

அடுத்த ஆண்டில் வந்த ‘கார்கி’ (2022) இன்னொரு படி முன்னே சென்றது. கௌதம் ராமச்சந்திரன் இயக்கிய அப்படத்தில், பாலியல் வன்கொடுமை வழக்கில் கைதான தந்தைக்காகப் போராடும் மகளாகச் சாய் பல்லவி நடித்தார். அவளுக்காக வாதாட முன்வரும் ஒரே வழக்கறிஞர் திக்கித் திக்கிப் பேசுபவர். எழுபது ஆண்டுகளுக்கு முன் குணசேகரனின் அடுக்குமொழிக்குக் காது கொடுத்த திரை நீதிமன்றம், இப்போது திக்கும் நாவையும் பொறுமையுடன் கேட்டது. பேச்சுத் திறனுக்குக் கிடைத்த செவி பேச இயலாமைக்கும் கிடைத்ததே தமிழ் நீதிமன்றப் படத்தின் உண்மையான வளர்ச்சி.

திரைக்கும் மன்றத்துக்கும் இடையே

திரை காட்டும் நீதிமன்றம் பல வகைகளில் உண்மையானது அன்று. இந்திய நீதிபதிகள் சுத்தியலைத் தட்டி அமைதிப்படுத்துவதில்லை; சாட்சி உறுதிமொழி எடுக்கப் புனித நூலின்மீது கை வைக்க வேண்டியதில்லை; அரசுத் தரப்புச் சாட்சிகளின் பட்டியலும் வாக்குமூலங்களின் நகல்களும் விசாரணைக்கு முன்பே குற்றம் சாட்டப்பட்டவரிடம் தரப்பட்டுவிடுவதால், கடைசி நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு வரும் சாட்சியும் அரிது. வாய்தாக்கள் நீளும், வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். சைதன்ய தம்ஹானே இயக்கிய ‘கோர்ட்’ (2014) என்ற மராத்திப் படம் இந்தச் சலிப்பையே கலையாக்கி, சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. சாதாரண மக்கள் அதிகமாகச் சந்திக்கும் நிலத்தகராறு, காசோலை மோசடி, விபத்து இழப்பீடு போன்ற வழக்குகள் பெரும்பாலும் ஆவணங்களைக் கொண்டே நடப்பவை. சாட்சியின் முகமும் குரலும் அங்கே பின்னுக்குத் தள்ளப்படுவதால், திரைப்படம் அவற்றைத் தொடுவதில்லை.

மொழியே மிகப் பெரிய வேறுபாடு. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் உண்டு. ஆனால், அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழை வழக்காடு மொழியாக்க வேண்டும் என்று 2006இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. தன் வழக்கில் என்ன வாதிடப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இயலாமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மனுதாரருக்கு, திரையில் தமிழில் நடக்கும் உயர் நீதிமன்றம் ஒரு கற்பனை மட்டுமன்று. அது ஒரு கோரிக்கையும் ஆகும்.

இக்குறைகளைச் சொல்லி நீதிமன்றப் படங்களைப் பொய் என்று தள்ளிவிடுவது பொருந்தாது. நடைமுறையின் தோற்றத்தை அவை மிகைப்படுத்தினாலும், நடைமுறையின் நோக்கத்தைச் சரியாகவே பிடித்திருக்கின்றன. இருதரப்பையும் கேட்காமல் யாரையும் தண்டிக்கக் கூடாது என்ற கோட்பாட்டை, எந்தப் பாடநூலையும்விட ஆழமாக மக்கள் மனத்தில் பதித்தவை அவையே.

திரையில் கண்டதை நேரில் காணவும் தடை ஒன்றும் இல்லை. சட்டம் சில வகை வழக்குகளுக்கு விதித்துள்ள விலக்குகள் நீங்கலாக, இந்தியாவில் விசாரணைகள் திறந்த நீதிமன்றத்தில் நடக்கின்றன. தாம்பரத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ செங்கல்பட்டிலோ உள்ள நீதிமன்றத்தில் இடம் இருக்கும்வரை யாரும் அமைதியாக அமர்ந்து கேட்கலாம். வழக்கறிஞரை அமர்த்தப் பணம் இல்லை என்ற அச்சத்துக்கும் சட்டம் விடை வைத்திருக்கிறது: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோர் இலவசமாக வழக்கறிஞர் உதவி பெறத் தகுதியுடையவர்கள், பிறருக்கு வருமான வரம்பு உண்டு. இதற்கு நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவை நேரில் அணுகலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம்.